பத்தாயிரத்தில் ஏழு கண்

எங்கள் மருத்துவமனையின் மாதாந்தரத் தர அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு. ஆபரேஷன் செய்த காயத்தில் கிருமித்தொற்று எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டிய கட்டம். நான் குவாலிட்டி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் மாதாமாதம் சுழிதான். ஹெர்னியா, குடல்வால், பித்தப்பை, சிசேரியன் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுழி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நாள் சொந்தக்காரர் ஒருவருக்குத் துணையாகப் பெரியாஸ்பத்திரி ஓ.பி.யில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் மடியில் எங்கள் மருத்துவமனை ஃபைலைப் பார்க்கிற வரைக்கும். வயிற்றில் கட்டு, கட்டில் ஈரம்.

"தையல் பிரிச்சதுலருந்து சீழ் வடியுதுய்யா."

"ஆபரேஷன் செஞ்ச எடத்துலயே போயிக் காட்டலையாம்மா?"

"அங்க போனா மறுபடி காசு கேப்பாகல்ல."

அந்த அம்மாவின் ஆபரேஷன் எங்கள் கணக்கில் வெற்றி. அந்த மாதமும் சுழி. (எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள், மதுரை என்பது போதும். இந்தக் கதை பல ஊர்களுக்குப் பொருந்தும்.)

பொய்க் கணக்கு யாரும் எழுதவில்லை, அதுதான் இதில் விசேஷம். வார்டில் இருக்கும்போது சீழ் வைத்தால் சிஸ்டர் நோட்டில் எழுதுவார், மாதக் கடைசியில் நான் கூட்டுவேன். ஆனால் நோயாளி நாலாம் நாள் வீட்டுக்குப் போய்விடுகிறார். காயத் தொற்று பெரும்பாலும் தலைகாட்டுவதே ஐந்தாம் நாளுக்கு மேல்தான். உலகம் முழுக்கப் பின்பற்றுகிற இலக்கணப்படி சாதாரண ஆபரேஷனுக்கு 30 நாள், செயற்கை மூட்டு மாதிரி ஏதாவது உள்ளே வைத்திருந்தால் 90 நாள் வரை அது ஆபரேஷன் தொற்றுதான். நாங்கள் எண்ணியது நாலு நாள். மீதி 26 நாள் உசிலம்பட்டியிலும் மேலூரிலும் சோழவந்தானிலும் யாரோ ஒரு கிளினிக்கில் நடந்துகொண்டிருந்தது.

சரி, ஒழுங்காக எண்ணினால் எப்படி இருக்கும் என்று பார்க்க மதுரைக்காரன் வெளியூர் போக வேண்டியதில்லை. அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. என் அப்பத்தாவைக் கேம்ப் பஸ்ஸில் ஏற்றிப் போய் அரவிந்தில் புரை எடுத்துவிட்டார்கள், நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அப்பத்தா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது ஆபரேஷனைப் பற்றி அல்ல. "ஒரு மாசங் கழிச்சு மறுபடி வந்து பாத்தாகடா" என்பதைத்தான். காசு கொடுக்காத ஒரு கிழவியை எதற்கு மறுபடி பார்க்க வேண்டும் என்பது அதற்குக் கடைசி வரை புரியவில்லை. எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

அரவிந்தைப் பற்றி எல்லோரும் சொல்லாத பாதி

எல்லோரும் சொல்கிற பாதியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அரசு வேலையில் 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர், அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டார். 1992இல் அவர்களுடைய லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப் வந்து, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இங்கேயே செய்து விலையை அடித்து இறக்கியது. ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை, ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த ஆளைச் சிஸ்டர்கள் தயார் செய்துவிடுவார்கள்.

இதைக் கேட்கிற எவருக்கும் வருகிற சந்தேகம், இவ்வளவு வேகத்தில் தரம் எப்படி நிற்கும் என்பது. அதற்கு விளம்பரத்தில் பதில் சொல்ல முடியாது, எண்ணித்தான் சொல்ல முடியும். அவர்கள் சொன்ன பதில்களில் இரண்டு எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டையும் மருத்துவ இதழ்களில் பெயர் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள்.

முதல் பதில் 2012இல் வந்தது. தொடர்ச்சியாகச் செய்த 79,777 புரை ஆபரேஷன்களை எடுத்து, ஆபரேஷனின்போதே ஏற்பட்ட சிக்கல்களை எண்ணினார்கள். மொத்தமாகக் கூட்டி ஒரு சதவீதத்தைச் சொல்லியிருந்தாலே பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் யார் கை என்று பிரித்தார்கள். நிரந்தர டாக்டர்கள் செய்ததில் 0.79 சதவீதம், படிப்பு முடித்துச் சிறப்புப் பயிற்சியில் இருக்கிற ஃபெலோக்கள் 1.19, மேற்படிப்பு மாணவர்கள் 2.06, வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் 5.07. கற்றுக்கொள்கிற கையில் சிக்கல் அதிகம் என்பது எல்லா மருத்துவமனையிலும் எல்லோருக்கும் தெரியும். தசமப் புள்ளியோடு எழுதி வெளியே வைக்கத்தான் துணிச்சல் வேண்டும்.

பிரித்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பயிற்சியில் இருப்பவர்கள் புரையை அதிர்வால் உடைத்து உறிஞ்சுகிற ஃபேகோ இயந்திரம் வைத்துச் செய்தபோது சிக்கல் 4.80 சதவீதம், சின்னக் கீறலில் கையால் எடுக்கிற முறையில் 1.46 சதவீதம். அப்படியென்றால் புதியவர் கையில் முதலில் எதைக் கொடுப்பது? மொத்தச் சதவீதத்தை மட்டும் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. தரத்தை அளப்பது என்றால் யாரையோ பிடித்துத் திட்டுவதற்கு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. இங்கே அந்த எண் திட்டியது ஆளை இல்லை, பாடத்திட்டத்தை.

இனி அந்த ஏழு கண்

புரை ஆபரேஷனில் டாக்டர்கள் நினைத்து நடுங்குவது எண்டாப்தால்மைட்டிஸ். கண்ணுக்குள்ளேயே கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. நேற்று வரை பார்த்த கண் இரண்டே நாளில் போய்விடலாம். ஆனால் அது அபூர்வமாகத்தான் வரும், தரத்தை அளக்கிறவனுக்குத் தலைவலியே அந்த அபூர்வம்தான்.

அரவிந்தின் கணக்கில் அது 0.07 சதவீதத்தை ஒட்டி இருந்தது, அதாவது பத்தாயிரம் கண்ணுக்கு ஏழு. வருஷத்துக்கு 500 புரை எடுக்கிற ஒரு மருத்துவமனையில் இதே விகிதம் இருந்தால் ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு ஒன்றுதான் வரும். வராத இரண்டு வருஷமும் "எங்களிடம் தொற்றே கிடையாது" என்று போர்டு வைக்கலாம். வந்த வருஷம் "ஏதோ போதாத காலம்" என்று விட்டுவிடலாம். எங்கள் சுழிக்கும் இதே வியாதி உண்டு. புள்ளியியலில் கைக்கு அடக்கமான ஒரு விதி இருக்கிறது. முந்நூறு பேரில் ஒருவருக்கும் வரவில்லை என்றாலும், உண்மையான விகிதம் ஒரு சதவீதம் வரைக்கும் இருக்க இடமுண்டு. மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த மேல் எல்லை வந்துவிடும். ஐம்பது பேரில் சுழி என்றால் ஆறு சதவீதம் வரை இருக்கலாம், அந்தச் சுழிக்கு மரியாதையே கிடையாது.

ஆபரேஷன் முடிக்கும்போது மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கண்ணுக்குள்ளேயே கொஞ்சம் செலுத்திவிட்டால் இது குறையுமா என்பது கேள்வி. ஐரோப்பாவில் வேறொரு மருந்தை, செஃபுராக்ஸிமை, இப்படிச் செலுத்திப் பார்த்து 2007இலேயே பலன் இருக்கிறது என்று காட்டியிருந்தார்கள். இந்த மருந்துக்கும் நம் ஊர்க் கூட்டத்துக்கும் அது பொருந்துமா என்று தெரிய வேண்டும். பத்தாயிரத்தில் ஏழு என்பது இரண்டாகக் குறைகிறதா என்று நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு பக்கமும் 28,000 ஆபரேஷனாவது வேண்டும், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 500 செய்கிறவருக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் 56 வருஷம்.

மதுரை அரவிந்துக்கு 14 மாதம் போதுமானதாக இருந்தது. 2014 பிப்ரவரி முதல் 2015 ஏப்ரல் வரை 1,16,714 கண்கள். இலவசப் பிரிவில் மருந்து செலுத்தாத 37,777 கண்களில் தொற்று 0.08 சதவீதம், அதே பிரிவில் மருந்து செலுத்திய 38,160 கண்களில் 0.02. காசு கொடுத்துச் செய்துகொண்டவர்கள் 40,777, அவர்களுக்கு மருந்து இல்லை, தொற்று 0.07.

இந்த மூன்றாவது வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மருந்து இல்லாத இலவசப் பிரிவும் மருந்து இல்லாத கட்டணப் பிரிவும் கிட்டத்தட்ட ஒரே எண். இலவசம் என்றால் இளப்பம் என்ற நம் சந்தேகத்துக்கு அந்தத் தசமப் புள்ளியில் பதில் இருக்கிறது. இன்னொன்று, புதிய பாதுகாப்பு முதலில் போனது காசு கொடுக்காதவர்களுக்கு. நம் ஊரில் பந்தி இப்படித் தலைகீழாகப் பரிமாறப்படுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

2017இல் அடுத்த அறிக்கை. இந்த முறை பத்து அரவிந்த் மருத்துவமனைகள், 2011 முதல் 2016 வரை, 6,17,453 ஆபரேஷன்கள். மருந்து இல்லாமல் 0.07, மருந்தோடு 0.02. மருந்து செலுத்திய 3,14,638 கண்களில் தொற்று வந்தது 64இல். பழைய விகிதமே தொடர்ந்திருந்தால் அது 220ஐ ஒட்டி இருந்திருக்கும். ஆக, 150 கண்ணுக்கு மேல் தப்பியிருக்கின்றன. ஆபரேஷனில் லென்ஸ் பை கிழிந்துபோன சிக்கலான கண்களை மட்டும் தனியாக எடுத்தால் 0.48 என்பது 0.21 ஆனது.

குறையும் உண்டு, மறைப்பானேன். இது சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆட்களைப் பிரித்த சோதனை அல்ல, பதிவேட்டை வைத்து முன்னே பின்னே பார்த்த கணக்கு. அந்தக் காலத்தில் தியேட்டரில் வேறு எதுவும் மாறியிருந்தால் அதன் புண்ணியமும் மருந்துக் கணக்கில் சேர்ந்திருக்கும். ஆனாலும் வித்தியாசம் பெரியது, ஐரோப்பியச் சோதனை சொன்ன திசையிலேயே இருக்கிறது. நான் நம்புகிறேன்.

இதெல்லாம் நடந்ததற்குக் காரணம் மருந்து மட்டும் இல்லை. 64 என்று எழுத வேண்டுமானால் அந்த 64 பேரும் திரும்பி அங்கேயே வந்திருக்க வேண்டும். கண்ணில் வலி வந்தால் காசு பற்றி யோசிக்காமல் அதே இடத்துக்குப் போகலாம் என்ற தைரியம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். அப்பத்தாவை ஒரு மாதம் கழித்துத் தேடி வந்தது அதற்கும் சேர்த்துத்தான்.

வராதவர்களை என்ன செய்வது

இது எல்லோராலும் முடியாது. புரை ஆபரேஷனில் பார்வை எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998இல் ஓர் அளவு வைத்தது: இருக்கிற கண்ணாடியோடு 80 சதவீதம் பேருக்காவது 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நல்ல பார்வை, 5 சதவீதத்துக்குக் கீழேதான் 6/60ஐ எட்டாதவர்கள். நல்ல அளவுதான். ஆனால் சில வாரம் கழித்துப் பார்க்கவே ஆள் வருவதில்லை. நன்றாகத் தெரிகிறவர் வேலைக்குப் போய்விடுகிறார், தெரியாதவர் வெறுத்துப்போய் வேறு இடம் போகிறார், நடுவில் இருப்பவர்தான் ரிவ்யூவுக்கு வருகிறார். அந்த நடுவில் இருப்பவர்களை வைத்து எண்ணுவது கணக்கே இல்லை.

இதற்கு 2013இல் ஓர் ஆய்வு கெட்டிக்காரத்தனமாக வழி கண்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 40 மருத்துவமனைகளை எடுத்து, டிஸ்சார்ஜுக்கு முன் எடுத்த பார்வை அளவும் 40 நாள் கழித்து எடுத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். வராதவர்களை வீடு தேடிப் போயும் பார்த்தார்கள். மருத்துவமனைகளை ஒன்றோடொன்று ஒப்பிட, டிஸ்சார்ஜ் அன்று எடுத்த அளவே பெரும்பாலும் போதும் என்று தெரிந்தது.

கண்ணுக்கு இது சரி. வயிற்றுக் காயத்துக்கு எடுபடாது. டிஸ்சார்ஜ் அன்று காயம் அழகாகத்தான் இருக்கும், பத்தாம் நாள்தான் வேஷம் கலையும். ஆகவே எங்களுக்குப் போனைத் தவிர வேறு வழி இல்லை.

எங்கள் சுழி கலைந்த கதை

முப்பதாம் நாள் போன் போடுவது என்று முடிவானது. கேள்வியை எப்படிக் கேட்பது என்பதே ஒரு படிப்பு. "தொற்று ஏதும் இருந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். "நல்லா இருக்கீங்களா?" என்றால் நல்லா இருக்கேன் என்பதுதான் நம் ஊர் மரியாதை, சீழ் வடிந்துகொண்டிருந்தாலும். கடைசியில் "தையல் யாரு பிரிச்சாங்க? அதுக்கப்புறம் எங்கயாவது கட்டு மாத்துனீங்களா? ஊசி போட்டாங்களா?" என்று கேட்கப் பழகினோம். இந்த மூன்றாவது கேள்வியில்தான் உண்மை விழும். பக்கத்து ஊர் கிளினிக்கில் ஐந்து நாள் ஊசி போட்டவர் அதைத் தொற்று என்று நினைத்திருக்கவே மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது "கொஞ்சம் தண்ணி வச்சுச்சு" என்பதுதான்.

எண் ஏறியது. ஏறத்தானே செய்யும், இருந்ததை இப்போதுதான் எண்ணுகிறோம். ஆனால் மேலிடத்தில் முகம் மாறியது, நீ வந்த பிறகுதான் தொற்று அதிகமாகியிருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை. ஒரு சீனியர் சர்ஜன் நேரடியாகவே கேட்டார், "நான் ராத்திரி ரெண்டு மணிக்கு உடைஞ்ச குடல்வால் எடுக்கிறேன், அவர் பகல்ல ஹெர்னியா மட்டும் பண்றார், ரெண்டு பேரையும் ஒரே தராசுலயா வைப்ப?" நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் காயங்களைப் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி நான்காகப் பிரித்தோம்: சுத்தமானது, ஓரளவு சுத்தமானது, மாசுபட்டது, ஏற்கெனவே சீழ் பிடித்தது. கஷ்டமான கேஸை எடுக்கிறவருக்குக் கணக்கே தண்டனையாகிவிட்டால் அவர் அடுத்த முறை நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார், எங்கள் எண்ணும் அழகாகிவிடும்.

எண் வந்த பிறகு எங்கே ஓட்டை என்று தேடினோம். இரண்டு விஷயம் உடனே அகப்பட்டது, இரண்டும் தியேட்டருக்கு வெளியே. ஒன்று, முதல் நாள் ராத்திரி வார்டில் ரேசர் வைத்து மழிப்பது. பிளேடு போடுகிற கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி ராத்திரி முழுக்கக் குடித்தனம் நடத்துகிறது. மழிக்கவே வேண்டாம், அவசியம் என்றால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் எழுதிவைத்தது எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை.

இரண்டாவது ஆண்டிபயாடிக் ஊசியின் நேரம். கத்தி வைக்கிற நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலான மருந்துகளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். எங்கள் வார்டில் "காலை டோஸ்" என்று ஆறு மணிக்கே எல்லோருக்கும் போட்டுவிடுவார்கள், கேஸ் பதினொன்றுக்கு உள்ளே போகும். சிஸ்டர்கள் மேல் தப்பில்லை, ஆறு மணிக்குப் போடு என்றுதான் சீட்டில் இருந்தது. அதைச் சரிக்கட்டுகிற மாதிரி ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து நாள் ஊசி வேறு. அது எதையும் சரிக்கட்டாது. ஊசியை மயக்க மருந்து டாக்டர் கைக்கு மாற்றினோம், தியேட்டருக்குள்ளேயே. இதற்கு ஒரு பைசா செலவில்லை, வாக்குவாதம் மட்டும் ஏகப்பட்டது.

அப்புறம் செக்லிஸ்ட். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த 19 வரி, மயக்கம் கொடுக்கும் முன், கீறும் முன், வெளியே அனுப்பும் முன் என்று மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்பது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் செய்து பார்த்தபோது சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11லிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009இல் வெளியானது. பிறகு கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் கொண்டுவந்து பார்த்தபோது, சாவு 0.71லிருந்து 0.65, குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத வித்தியாசம், 2014இல் வந்த முடிவு. பட்டியல் ஒன்றுதான். எப்படி நிரப்பினார்கள் என்பதில்தான் வேறுபாடு என்று நான் நினைப்பதற்குக் காரணம், எங்கள் ரெக்கார்டில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், பத்தொன்பது டிக்கும் ஒரே சாய்வில் விழுந்திருந்த தாள்களை நானே பார்த்திருக்கிறேன். சில தாள்களில் நோயாளி இன்னும் வார்டில்தான் இருந்தார். இப்போதும் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கீறும் முன் சிஸ்டர் சத்தமாக நிறுத்திக் கேட்டால் எரிச்சல்படுகிற சர்ஜன் இருக்கிற வரைக்கும் டிக் ஒரே சாய்வில்தான் விழும்.

எதைச் செய்ததால் எவ்வளவு குறைந்தது என்று கேட்காதீர்கள். எங்கள் அளவுக்கு மாத எண் குதித்துக் குதித்துத்தான் வரும், இரண்டு மாதம் இறங்கினால் கேக் வெட்டுவதும் ஒரு மாதம் ஏறினால் ஆளைத் தேடுவதும் ஒரே முட்டாள்தனம். சுவரில் ஒரு கோட்டுப் படம் ஒட்டியிருக்கிறோம், மாதாமாதம் ஒரு புள்ளி. அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடு, முப்பதாம் நாள் போனை எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று. இரண்டாவது கோடு இறங்கினால் முதல் கோட்டை யாரும் நம்ப வேண்டாம் என்பது எங்கள் ஏற்பாடு.

போனை எடுக்காதவர்கள்தான் இப்போது என் கவலை. சிலர் ரீசார்ஜ் செய்திருக்க மாட்டார்கள், சிலர் கொடுத்த நம்பரே மகனுடையது, அவர் திருப்பூரில் இருப்பார். ரிவ்யூ சீட்டில் "காயத்தில் எதுவென்றாலும் 30 நாளைக்குக் கட்டணம் கிடையாது" என்று அச்சடிக்க வைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது, அக்கவுண்ட்ஸில் சம்மதிக்கவே இல்லை. இப்போது சிவப்பு மையில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களுக்கு டிஸ்சார்ஜ் சிஸ்டர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்கிறாரா என்று அடுத்த மாதம் போனில் அதையும் கேட்கப் போகிறோம். இந்த மாதப் பட்டியலில் செல்லம்பட்டிப் பக்கம் ஒரு பெரியவர், ஹெர்னியா, மூன்று முறை அடித்தும் போன் அணைந்தே கிடக்கிறது. சனிக்கிழமை உசிலம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன், வண்டியை அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.